பலகைத் தரை

ஆகஸ்ட் 5, திங்கள்

என் பத்து மாதப் பையனைப் பகலில் பார்த்துக்கொள்ளும் சரசக்கா ஊருக்குப் போய்விட்டாள். திருப்பூரில் மகளுக்கு வலி முன்னதாகவே கண்டுவிட்டதாம். காலையில் நான் முகிலனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கதவைத் தட்டியபோது பையைக் கட்டி மடியில் வைத்திருந்தாள்.

"கோவிச்சுக்காத கோகிலா. ரெண்டு எடத்துல ஒருத்தி எப்படி இருக்கறது?"

எப்போது வருவீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக் கொழந்தைக்குத் தலை நிக்கட்டும்."

அப்படியானால் என் தேர்வு முடிந்த பிறகுதான். குன்னூரில் வேறு யாரை எனக்குத் தெரியும்? நான் பிரபுவைக் கட்டிக்கொண்ட அன்றே அம்மா வீட்டில் கதவைச் சாத்தினார்கள். போன வருடம் அவன் லாரிக்கு அடியில் போன பிறகும் திறக்கவில்லை. பையனைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன்.

பள்ளி என்றால் ஹோட்டல் வேலை கற்றுத்தரும் பள்ளி. ஏதோ ஒரு தேயிலைத் துரை கட்டிய ஆர்டன் பங்களாவில் நடக்கிறது. கீழே முழுக்கக் கல் தரை, மேலே முழுக்கத் தேக்குப் பலகை. பெண்களுக்கு இலவச இடம். சேரும்போது எங்கள் முதல்வர் விமலா மேடம் கேட்டார்: "வீட்ல பொறுப்பு ஏதாவது இருக்கா? நேரமாச்சு, போறேன்னு நிக்கறவங்களுக்கு இந்தத் தொழில்ல எடமில்ல." இல்லை மேடம் என்றேன். பையன் இருப்பது தெரிந்தால் இடம் போகும். இடம் போனால் படிப்பு முடிந்து கிடைக்க வேண்டிய வேலை போகும், வேலையோடு கிடைக்கும் குவார்ட்டர்ஸ் போகும். பிறகு நானும் இவனும் எங்கே?

பின்படி வழியாக மாடிக்கு ஏறித் துணி அறைக்குப் போனேன். ரெஜினாக்காதான் அங்கே எல்லாம். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, நாப்கின், திரைச்சீலை எல்லாம் அவள் சாவிக்குள். சால்வையை விலக்கிக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"அழுவானா?"

"அழ மாட்டாங்க்கா."

"அழாத கொழந்தைன்னு ஒண்ணு உண்டா?" என்றாள். பழைய விரிப்பொன்றை எடுத்து உத்தரத்தில் தூளி கட்டினாள்.

நாள் முழுக்க ஒரு சத்தமில்லை. மதியம் பால் கொடுக்க ஓடினேன். வெளியே கேட்டுவிடக் கூடாதென்று காதோரம் கிசுகிசுத்துக்கொண்டே கொடுத்தேன். குடிக்கும்போது என் தொண்டையில் கை வைத்துக்கொள்வது அவன் வழக்கம். இன்று தட்டித் தட்டிப் பார்த்தான், ஏதோ பொம்மை நின்றுபோன மாதிரி. என்ன கோபமோ.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு உயிர் போகும் நாள். ஊர்க்காரர்களும் சுற்றுலா வந்தவர்களும் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார்கள். நாங்கள் பரிமாறிப் பழக வேண்டும். சாப்பாடு தயார் என்பதற்குத் துரை காலத்துச் சேகண்டியை அடிக்க வேண்டும். மாடிப்படியின் அடியில் தொங்குகிறது, வண்டிச் சக்கரம் அகலத்துக்கு வெண்கலத் தட்டு. துணி அறை அதற்கு நேர் மேலே.

இதை நான் யோசிக்கவே இல்லை. கையில் சூப்புக் கிண்ணங்களோடு நிற்கும்போது நஸ்ரின் கட்டையை ஓங்குவதைப் பார்த்தேன். கூடப் படிக்கும் கூடலூர்க்காரி, எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். அடித்த அடியில் ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தட்டில் போட்டுக்கொண்டார். அழப்போகிறான், அழப்போகிறான் என்று காத்துக்கொண்டே எட்டு மேசைக்கும் சூப் வைத்தேன். இடது பக்கமிருந்துதான் வைத்தேனா என்று கூடத் தெரியவில்லை.

மேலே ஓடிப்போனால் தூளியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான்.

"இந்த அடிக்கு அந்தத் துரையே கல்லறைலேர்ந்து எந்திரிச்சு வந்திருப்பாரு. உம்புள்ள பொரண்டு கூடப் படுக்கல" என்றாள் ரெஜினாக்கா.

சிரித்தோம். இவன் அப்பாவும் அப்படித்தான், பக்கத்தில் வெடி போட்டாலும் எழ மாட்டான் என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

தள்ளிப்போன தடுப்பூசியை இன்று போட்டாயிற்று. நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டு அவன் காதருகே விரலைச் சொடுக்கினார். அந்தப் பக்கமும் சொடுக்கினார். அவன் ஊசி போட்ட வலியில் அழுதுகொண்டிருந்தான். அழும் குழந்தை சொடுக்குக்கா திரும்பும்?

"பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்பறானாம்மா?"

"திரும்பறானுங்க."

"அம்மா, அத்தைன்னு ஏதாச்சும்?"

"முன்னாடி ங்கா ங்கான்னு நெறயப் பேசுவான். இப்பக் கொஞ்சம் கம்மி."

"எதுக்கும் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரில ஒருக்காக் காமிச்சிருங்க. வெள்ளிக்கிழமை வரச் சொல்லுவாங்க. தள்ளிப் போடாதீங்க, சீக்கிரம் தெரிஞ்சா வழி இருக்குது."

எது தெரிந்தால்? அவர்கள் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை. வேறு கிழமையே இல்லையா?

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. துணி துவைத்தேன். மழைக்குக் காயவில்லை.

அறைச் சிமெண்டுத் தரையில் முகிலன் மூடிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து அழைத்தேன். விளையாட்டு மும்முரம். அடுப்பருகே நின்று ஒரு டம்ளரைக் கீழே விட்டேன். பக்கத்து வீட்டுக்காரி "என்ன விழுந்துச்சு?" என்று கேட்டாள். சிறிய டம்ளர்தான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

போகவில்லை. எப்படிப் போவது? பரிமாறும் நாளில் வராதவர்களின் பெயரை மேடம் மறப்பதில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று எனக்கு மூச்சு வந்தது. அதை முழுசாக எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

மதியம் துணி அறைக்குப் போனபோது முகிலன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நாப்கின்களைக் கலைத்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவனிடம் நடந்துபோய்க் கையைத் தட்டினேன். சட்டென்று திரும்பினான். திரும்பி என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். வெளியே போய் மறுபடி வந்து தட்டினேன். திரும்பினான். இன்னொரு முறை. திரும்பினான்.

ரெஜினாக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்தாள். "என்னடி ஆச்சு ஒனக்கு, போறதும் வர்றதுமா?"

"ஒண்ணுமில்லக்கா, விளையாட்டு."

"கண்ணத் தொடைச்சிட்டுக் கீழ போ. மேடம் நாப்கின் மடிப்புப் பாக்க நிக்கறாங்க."

நான் பி.எஸ்சி. இயற்பியல். ஒரு தரம் நடந்தால் தற்செயல். மூன்று தரம் நடந்தால் சோதனை முடிவு. இது போதும். வெள்ளிக்கிழமையை நிம்மதியாக விடலாம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. சேகண்டி அடித்தபோது முகிலன் பலகையில் தவழ்ந்துகொண்டிருந்தானாம். அப்படியே நின்று, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தானாம். ரெஜினாக்காதான் சொன்னாள். "சங்கீத ஞானம் இருக்கு உம்பையனுக்கு. பெருசானா கோயில்ல மணியடிக்க விடு."

எங்கள் குலதெய்வத்துக்கு ஒரு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மேடம் துணி அறைக்கு வந்துவிட்டார்.

நான் விரிப்புகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பலகை அதிர்ந்தது, குதிகால் செருப்பு மேடத்துடையதுதான். தூளியிலிருந்து பையனைப் பிடுங்கிப் பிரம்புக் கூடைக்குள், அழுக்குத் துணிமேல் வைத்து, மேலே ஒரு மேசை விரிப்பைப் போட்டாள் ரெஜினாக்கா. அவன் தூக்கக் கலக்கத்தில் இருந்தான். மேடம் அந்தக் கூடையின் விளிம்பில் கை ஊன்றிக்கொண்டு பேசினார். கணீரென்ற குரல் அவருக்கு. சமையலறையில் நின்று பேசினால் கேட் வரை கேட்கும்.

"செப்டம்பர் ஆறாம் தேதி ஊட்டிலேர்ந்து தாரா குரியன் வர்றாங்க. பெரிய ஹோட்டல். நாலு பேர எடுப்பாங்க, ஸ்டாஃப் குவார்ட்டர்ஸோட. அன்னிக்கு மெயின் டேபிள் உனக்குத்தான், கோகிலவாணி."

நன்றி மேடம் என்றேன்.

"ஏன் தெரியுமா? நீ வேலை செய்யறது கெஸ்டுக்குக் கண்ணுல படக் கூடாது, காதுல விழக் கூடாது. அது உனக்கு வந்திருக்கு. இங்க இருக்கறதே தெரியாம இருக்க."

விரிப்புக்கு அடியில் இருந்தவனும் இருப்பது தெரியாமல் இருந்தான். மேடம் போன பிறகு விரிப்பை எடுத்துப் பார்த்தால், இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறான்.

"தெய்வக் கொழந்தைடி" என்றாள் ரெஜினாக்கா. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

குவார்ட்டர்ஸ் என்றால் குழந்தையோடு இருக்கலாம். அங்கே பலரும் குடும்பத்தோடு இருக்கிறார்களாம். பத்து நாள். பத்து நாள் மட்டும் கண்ணைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும்.

எதற்கு இப்படி எழுதினேன்? வாயைத் திறக்காமல் என்று எழுத வந்தேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நாப்கின் எடுக்க மேலே போயிருந்தேன். முகிலன் தூளியில் விழித்துத்தான் இருந்தான். குனிந்து முகத்தைத் துடைத்தேன். அவன் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். கீழே நஸ்ரின் சேகண்டியை அடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

சூப்புக் கறை போக வெந்நீரில் எலுமிச்சைச் சாறு. கறை காய்ந்துவிட்டால் போகாது.

செப்டம்பர் 2, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு மறுபடி வேறு கதை சொல்லிக்கொள்வேன்.

மதியம் ரெஜினாக்கா சாப்பிடப் போயிருந்தாள். முகிலன் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் பின்னால் நடந்து போனேன், கையைத் தட்டாமல். திரும்பிச் சிரித்தான்.

மறுபடி அவனைச் சன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்தேன். இந்த முறை காலை அசைக்காமல் நின்ற இடத்திலேயே நின்று கையைத் தட்டினேன். பிறகு பெயரைச் சொன்னேன். பிறகு கத்தினேன். யார் காதில் விழுந்தால் என்ன என்று கத்தினேன். மேகம் சன்னலை ஒட்டிப் போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கால் கட்டைவிரலால் பலகையை ஒரு அழுத்து அழுத்தினேன். திரும்பிவிட்டான்.

கல்லூரியில் முதல் வருடம் இசைக்கவையைத் தட்டிக் காற்றில் பிடிப்போம், முனகும். அதன் காம்பை மேசைமேல் ஊன்றினால் மேசையே பாடும். உள்ளங்கையை வைத்தால் கைக்குள் ஓடும். பதிவேட்டில் படம் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியவள் நான்.

இந்தக் கட்டடம் என்னை ஏமாற்றவில்லை. பலகை அதன் வேலையைச் செய்தது. ஏமாந்தது நான். தூளியில் இருந்தால் சேகண்டி இல்லை, தரையில் இருந்தால் உண்டு. சிமெண்டில் டம்ளர் இல்லை, தேக்கில் காலடி உண்டு. எல்லாம் கண்ணெதிரேதான் இருந்தது. சமத்து, சமத்து என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

என் குழந்தைக்குக் காது

செப்டம்பர் 3, செவ்வாய்

நாப்கினில் அன்ன மடிப்பு, விசிறி மடிப்பு இரண்டும் பழகினோம். மேடம் நன்றாக இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 5, வியாழன்

நாளைக்கும் வெள்ளிக்கிழமை.

ஊட்டிக்காரர்களா, ஆஸ்பத்திரியா? ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று ஒரு மனம். இதே வார்த்தையைத்தான் மூன்று வாரமாகச் சொல்கிறாய் என்று இன்னொன்று. வேலை இல்லாமல் இவனை ஆஸ்பத்திரிகளில் காட்டிக்கொண்டு திரிய எங்கே தங்குவேன்? வேலை கிடைத்த மறுநாளே கோயம்புத்தூர். சத்தியம். யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்வது என்றுகூடத் தெரியவில்லை. அவன் தலையில் அடிக்கப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. தாரா குரியன் மேடம் படியை ஒட்டிய பெரிய மேசையில். கூட இரண்டு பேர். நான் ட்ரேயோடு சுவரோரம். ரெஜினாக்கா பையனைப் பாயில் தூங்கவைத்துவிட்டதாகச் சைகை காட்டியிருந்தாள். அந்த நேரம் எங்களில் ஒருத்தி தண்ணீர்க் கூஜாவை மேசையில் கவிழ்த்துவிட்டாள். விமலா மேடம் மேலே பார்த்து விரலை அசைத்தார். ரெஜினாக்கா புது விரிப்போடு கீழே ஓடி வந்தாள். கதவைச் சாத்தினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

விரிப்பு மாற்றியதும் நஸ்ரின் சேகண்டியை அடித்தாள்.

ஒலி அடங்கும்போது மேலே யாரோ சிரித்தார்கள். எல்லோரும் நிமிர்ந்தோம். படியின் உச்சியில், மரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தைக் கம்பியில் ஒட்டவைத்துக்கொண்டு முகிலன்.

"அட, யார் பேபி இது?" என்றார் தாரா குரியன். "இவ்ளோ சத்தத்துக்குப் பெரியவங்களே பயப்படறோம். சமத்து."

விமலா மேடத்தின் முகம் மாறியது. "யாரு குழந்தை?"

ரெஜினாக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "எம்பேரனுங்க மேடம். மக விட்டுட்டுப் போனா. இன்னிக்கு ஒரு நாள்தான்."

அப்படியே நின்றிருந்தால் போதும். இருப்பது தெரியாமல் இருப்பதில் நான்தானே முதல்.

முகிலன் கம்பியை விட்டான். கீழே என்னைப் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன். படி விளிம்பை நோக்கித் தவழ ஆரம்பித்தான். தலை முன்னால்.

"டேய், நில்லு, நில்லு" என்று ரெஜினாக்கா கத்தினாள். மேடம் கத்தினார். மேசையிலிருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். கூடம் முழுக்கக் கூச்சல். ஓடினால் எட்ட மாட்டேன்; அவ்வளவு உயரமான படி. நின்றிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும், எத்தனை பேர் கத்தினாலும் ஆகாதென்று.

ட்ரேயை விட்டேன். நஸ்ரின் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி, சேகண்டியை விட்டுவிட்டு, படியின் கைப்பிடித் தூணில் ஓங்கி அடித்தேன். மறுபடி அடித்தேன். மரம் மேல்வரை நடுங்கியது.

முகிலன் நின்றான். உள்ளங்கையை விளிம்பில் வைத்து, தூணைப் பார்த்து, என்னைப் பார்த்தான். சிரித்தான்.

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். நஸ்ரின் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி அவனை வாரிக்கொண்டாள். அப்போதுதான் கட்டையைக் கீழே போட்டேன்.

சூப் என் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கூப்பிடறோம், நீ எதுக்குத் தூணப் போட்டு அடிச்ச?" என்றார் மேடம்.

"கூப்பிட்டா கேக்காதுங்க மேடம். அவனுக்குக் காது கேக்காது." இதையும் சொன்னேன்: "ரெஜினாக்கா பேரன் இல்லீங்க. என் பையன்."

அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அங்கேதான், வெள்ளைக் கையுறையோடு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில்.

செப்டம்பர் 9, திங்கள்

நான்கு பெயர் வாசித்தார்கள். நஸ்ரின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

மேடம் தனியே அழைத்தார். பொய் சொல்லிச் சேர்ந்ததற்கு உடனே அனுப்பியிருக்க வேண்டும் என்றார். ரெஜினாக்காவுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். குழந்தை இனி கட்டடத்துக்குள் வரக் கூடாது. பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் வந்து கடைசித் தேர்வு எழுதலாம், கிடைக்காவிட்டால் அடுத்த வருடம். பேசிக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்திக் கேட்டார்.

"அன்னிக்கு அந்தக் கூடைக்குள்ள இருந்தானா?"

"ஆமாங்க மேடம்."

"நான் அதுமேல கைய வெச்சுட்டுதான் பேசிட்டிருந்தேன், இல்ல?"

"ஆமாங்க."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போ என்று கையால் காட்டினார்.

நஸ்ரின் கேட் வரை வந்தாள். "அக்கா, தாரா மேடம் சூப் குடிக்கவே இல்ல. மொத்தமும் உன் செருப்பு குடிச்சிருச்சு" என்றாள். சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

ரெஜினாக்காவிடம் மன்னிப்புக் கேட்க மாடிக்குப் போக விடவில்லை. கீழேயே நின்று தூணில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

இதைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் முறை இன்னும் வரவில்லை.

முதல் பஸ். எனக்கு முன் சீட்டிலேயே இடம் கிடைத்தது. இன்ஜின் உறுமல் சீட்டுக்குள் ஏறி வர, முகிலன் வழியெல்லாம் கம்பியில் கை வைத்துக்கொண்டு வந்தான். பர்லியார் தாண்டியதும் பசித்தது போலிருக்கிறது, மடியில் படுத்தான். வழக்கம்போல் என் தொண்டைக்குக் கை வந்தது. தட்டினான். காத்திருந்தான். மறுபடி தட்டினான்.

துணி அறைக்குக் கொண்டுபோன நாளிலிருந்து, பால் கொடுக்கும்போது நான் இவனிடம் கிசுகிசுத்தேனே தவிரப் பேசவில்லை. கிசுகிசுப்பில் தொண்டை அதிராது. ஒன்றும் கிடைக்காத இடத்தில் இவன் கையை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"முகிலா" என்றேன், குரலோடு.

குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். விரல்கள் தொண்டையில் விரிந்தன.

"முகிலா, இது பஸ்ஸு. நாம கீழ போறோம். அது பாக்கு மரம். இந்த வளைவு முடிஞ்சா இன்னொரு வளைவு."

பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சேகண்டியைப் பற்றி, நஸ்ரின் அக்காவைப் பற்றி, எங்களுக்கு இடம் இல்லாமல் போனதைப் பற்றி, எனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது என்பதைப் பற்றி. எல்லாவற்றையும் கையாலேயே வாங்கிக்கொண்டான். மேட்டுப்பாளையம் வரும்வரை நான் வாயை மூடவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

உள்ளே கூப்பிடுகிறார்கள். கேட்காதது போல் இன்னும் ஒரு வரி எழுதினேன். போகிறோம்.